கல்லூரி வாசலில் நிற்கிற கிரண் மறுபடி பறக்குமா? தனி ஆள் ஒருத்தர் ஜெட் வைத்துக்கொள்ள முடியுமா?

கீழக்கரை_வானம்

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். நான் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். எங்கள் கல்லூரி வாசலில் ஒரு கிரண் பயிற்சி ஜெட் நிற்கிறது. கடற்படையில் ஓடி ஓய்ந்து வந்தது என்று பலகையில் போட்டிருக்கிறது. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். இடது இறக்கைக்கு அடியில் கை வைத்தால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. போன வாரம் மழைக்குப் பிறகு காக்பிட் கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் நின்றது. பார்க்க மனசு கேட்கவில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, இதைச் சரிசெய்து மறுபடி பறக்க வைக்க முடியுமா? இரண்டு, அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் பழைய ராணுவப் பயிற்சி ஜெட்டை விலைக்கு வாங்கி ஓட்டுகிற வீடியோ நிறைய பார்க்கிறேன். அது நிஜமாகவே எப்படி நடக்கிறது? நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் ஒருத்தர் அப்படி ஒன்று வைத்திருக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மண்டபம்_போட்டுக்காரர்

தம்பி, எனக்கு விமானம் தெரியாது. ஆனா உச்சிப்புளி பருந்து கடற்படைத் தளத்திலேர்ந்து டோர்னியர் விமானம் கிளம்பி எங்க போட்டுக்கு மேல தாழப் போகும்போது இன்னிக்கும் அண்ணாந்துதான் பார்ப்பேன். 30 வருஷமா கடல்ல கிடக்கேன், அது மட்டும் சலிக்கல. தெரிஞ்சவங்க எழுதுங்க, படிக்கிறேன்.

உச்சிப்புளி_பழைய_கை

கீழக்கரைத் தம்பிக்கு. நான் கடற்படை விமானப் பிரிவில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோவாவில் இருந்தபோது கிரணில்தான் என் கை பழகியது. அதனால் முதல் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன்.

பறக்காது. கல்லூரிக்கோ பூங்காவுக்கோ ஒரு விமானத்தைக் கொடுக்கும் முன்பு உபயோகமான எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி வீசுகிற எஜெக்ஷன் இருக்கையின் வெடிமருந்துத் தோட்டாக்கள் கட்டாயம் போய்விடும். பல விமானங்களில் எஞ்சினும் இருக்காது. அதற்கு மேல், ஒவ்வொரு முக்கியமான பாகத்துக்கும் ஒரு பதிவு அட்டை உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தடவை இறங்கியது, எப்போது பிரித்துப் பார்த்தது எல்லாம் அதில் இருக்கும். அந்த அட்டை அறுந்துபோன பாகத்தை எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்து வைத்தாலும் எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போடமாட்டார். நானும் போடமாட்டேன்.

கிரண் சாதாரண விமானம் இல்லை தம்பி. நம் நாட்டிலேயே, ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வி.எம். காட்கே தலைமையில் வடிவமைத்தது. முதல் பறப்பு 1964 செப்டம்பர் 4. நம் பக்கம் அந்த வருஷத்தைச் சொன்னால் டிசம்பர்ப் புயலும் தனுஷ்கோடியும்தான் ஞாபகம் வரும், அதே வருஷம்தான். மாணவனும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற காக்பிட். மார்க் 1-இல் வைப்பர் எஞ்சின், மார்க் 2-இல் ஆர்ஃபியஸ். விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழு 1996-லிருந்து 2011 வரை ஆடியது இந்த மார்க் 2-இல்தான். இரண்டு தலைமுறை விமானிகளுக்கு ஜெட் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்த வாத்தியார் அது. வாசலில் பொடி உதிர்ந்து நிற்கிறது என்று படித்ததும் எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு இங்கே ஒருத்தர் இருக்கிறார். தொண்டிக்காரர், ஹூஸ்டனில் இருக்கிறார். அவரைக் கூப்பிடுகிறேன்.

தொண்டி_டு_ஹூஸ்டன்

அண்ணே கூப்பிட்டதும் வந்துவிட்டேன். தம்பி, நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு எல்-39 அல்பட்ராஸ் பயிற்சி ஜெட் வைத்திருக்கிறோம். நாலில் ஒரு பங்கு என்னுடையது. தனியாக வாங்கும் வசதி எனக்கு இல்லை.

எல்-39 செக்கோஸ்லோவாக்கியாவின் ஏரோ வோடோகோடி தொழிற்சாலையில் செய்தது. 1968 நவம்பரில் முதல் தடவை பறந்தது. ஏறத்தாழ 2,900 செய்தார்கள். சோவியத் ஒன்றியமும் அதைச் சேர்ந்த நாடுகளும் தங்கள் பையன்களுக்கு ஜெட் பழக்கியது இதில்தான். 1991-இல் சோவியத் உடைந்த பிறகு விமானப்படைகளிடம் காசு இல்லை, தளங்களில் வரிசையாக நின்ற விமானங்கள் விற்பனைக்கு வந்தன. அப்படித்தான் நூற்றுக்கும் மேல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தன. எங்களுடையது உக்ரைனிலிருந்து வந்தது. காக்பிட்டில் இரண்டு மூன்று சுவிட்சுகளுக்கு மேலே ரஷ்ய எழுத்து இன்னும் இருக்கிறது. மாற்ற மனசு வரவில்லை, பக்கத்தில் சிறிய பட்டியில் ஆங்கிலத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

சட்டப்படி எப்படி என்றால், இங்கே விமானத் துறையைக் கட்டுப்படுத்துகிற எஃப்.ஏ.ஏ. இப்படிப்பட்ட விமானத்துக்கு சாதாரணமாகத் தருகிற, பறக்கத் தகுந்தது என்ற சான்று தராது. 'சோதனை வகை, கண்காட்சி நோக்கம்' என்று தனியாக ஒரு சான்று தரும். அதோடு பக்கம் பக்கமாக நிபந்தனைகள் வரும். எங்கெங்கே கண்காட்சிக்குப் போகப் போகிறோம் என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றக்கூடாது. காக்பிட் பக்கத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு அந்த ரகத்துக்கென்று தனி அனுமதி வேண்டும், அதற்குத் தனியாகப் பயிற்சி, தனியாகத் தேர்வு. இன்னொன்று, 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (knot) வேகத்துக்கு மேல் போகக்கூடாது. கிட்டத்தட்ட மணிக்கு 460 கிலோமீட்டர். விமானத்தால் 750 போக முடியும், ஆனால் கீழே அந்த வேகம் நமக்கு இல்லை.

நல்ல நிலையில் உள்ள விமானத்துக்கு இரண்டு மூன்று லட்சம் டாலர் ஆகும். அது வாங்குகிற காசு மட்டும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், இங்கே ராத்திரி ஒரு மணி.

மண்டபம்_போட்டுக்காரர்

காக்கா, எண்ணெய் எவ்வளவு குடிக்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

தொண்டி_டு_ஹூஸ்டன்

நல்ல கேள்வி அண்ணே. உடம்புக்குள்ளே ஐந்து ரப்பர் பைத் தொட்டி, இறக்கை நுனியில் இரண்டு. எல்லாம் சேர்த்து சுமார் 1,250 லிட்டர். சிக்கனமாக, உயரத்தில் பறந்தால் இரண்டரை மணி நேரம் தாங்கும் என்று புத்தகம் சொல்கிறது. அப்படியென்றால் மணிக்கு 500 லிட்டர். தாழப் பறந்தால், கரணம் அடித்தால், அதைவிட நன்றாகவே கூடும்.

மண்டபம்_போட்டுக்காரர்

எங்க போட்டு ஒரு நாள் கடலுக்குப் போயிட்டு வர 400 லிட்டர் டீசல். அப்ப உங்க விமானம் மூணு தங்கல் எண்ணெயை ரெண்டரை மணி நேரத்துல குடிச்சிடும். லிட்டர் 100 ரூபான்னு வச்சா மணிக்கு 50,000. நாங்க மீனோட வருவோம், நீங்க வெறுங்கையோட வருவீங்க.

தப்பா சொல்லல காக்கா. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியுது. ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாள் தடைக்காலத்துல போட்டைக் கரையேத்தி, சிப்பி சுரண்டி, கலப்பத்து பார்த்து, பெயிண்ட் அடிச்சு, எஞ்சினைப் பிரிச்சு மாட்டுவோம். அந்த ரெண்டு மாசம் ஒத்தப் பைசா வரவு கிடையாது, செலவு மட்டும் லட்சக்கணக்குல போகும். அதைச் செய்யாதவன் போட்டு ஐப்பசி வாடையில தெரிஞ்சிடும். உங்களுக்கும் அப்படி ஒரு தடைக்காலம் இருக்குமே?

தொண்டி_டு_ஹூஸ்டன்

இருக்கிறது அண்ணே. நீங்கள் கேட்ட மாதிரி இங்கே யாரும் கேட்டதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை. மூடிகளை எல்லாம் திறந்து, வாலைக் கழற்றி, எஞ்சினை வெளியே இழுத்துப் பார்க்கிற வருஷங்களும் உண்டு. போன பரிசோதனை முடிந்து விமானம் கைக்கு வந்த அன்று ஒன்று நடந்தது. பறப்புக்கு முன்னால் சுற்றி வந்து பார்க்கும்போது வால் பக்கத்து ஏற்றிறக்கத் தகட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தேன். உள்ளே எங்கேயோ 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். இரண்டாவது தடவை அசைத்தபோது இல்லை. மூன்றாவது தடவை மறுபடி. பறப்பை ரத்து செய்து, மூடியைத் திறந்தோம். இயக்கத் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பத்து மில்லி சாக்கெட் கிடந்தது. வேலை பார்த்த பட்டறையின் ஆள் மறந்து விட்டுப்போனது. அது இரண்டு அங்குலம் நகர்ந்து தண்டின் மூட்டில் சிக்கியிருந்தால், நான் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்றைக்கு ராத்திரி என் மனைவியிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

ஓட்டுவதைப் பற்றிக் கேட்டாயே தம்பி. இரண்டு விஷயம் சொல்கிறேன். பிரேக் காலில் இல்லை. ஸ்டிக்கிலேயே, புல்லட்டின் முன்பிரேக் மாதிரி ஒரு லிவர். அதைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கப் பெடலை மிதிக்கிறாயோ அந்தப் பக்கச் சக்கரம் பிடிக்கும், விமானம் அந்தப் பக்கம் திரும்பும். முன் சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம் போலச் சும்மா சுழலும். முதல் நாள் நான் ஓடுபாதைக்குப் போவதற்குள் பாம்பு மாதிரி நெளிந்து போனேன்.

இரண்டாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. எஞ்சின் சும்மா ஓடுகிற நிலையிலிருந்து முழு விசைக்கு வர 9 முதல் 12 நொடி ஆகும். பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் பழகிய கை, தள்ளினால் உடனே இழுக்கும் என்று எதிர்பார்க்கும். ஜெட் அப்படி இல்லை. இறங்கும்போது மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறாய் என்று வைத்துக்கொள். பத்து நொடியில் 600 மீட்டர் தாண்டிவிடுவாய். ஏழாவது பாடத்தில் உயரம் கொஞ்சம் அதிகம் என்று எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கிற லிவரை, அதாவது திராட்டிலை, முழுக்கப் பின்னால் இழுத்துவிட்டேன். கீழே இறங்குகிற வேகம் கூடியது தெரிந்து முன்னால் தள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டே வந்தது. ஓடுபாதைக்கு முந்தின புல்தரையில் ஒவ்வொரு புல்லும் தெரிந்தது. பின் இருக்கையில் இருந்த ஆசிரியர் எனக்கு முன்பே அதைக் கண்டு நாலு நொடி முன்னதாகவே தன் கையால் தள்ளியிருந்தார். அந்த நாலு நொடிதான் காப்பாற்றியது. இறங்கிய பிறகு அவர் திட்டவில்லை. "இப்போது உன் கைக்குத் தெரிந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பாம்பன்_டீச்சர்

எல்லோரும் எழுதுவதை மரியாதையோடு படித்தேன். ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். கீழே இருப்பவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

2015 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தில் ஷோர்ஹாம் விமானக் கண்காட்சி. தனியார் வசம் இருந்த பழைய ஹாக்கர் ஹன்டர் போர் ஜெட் ஒன்று வளையம் போட்டுக் கீழே வரும்போது நேரே நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். ஒருவர்கூட விமானத்தில் இருந்தவர் இல்லை. சாலையில் போனவர்கள், ஓரத்தில் நின்றவர்கள். விமானி பிழைத்தார். வளையத்தின் உச்சியில் வேகமும் உயரமும் போதாமல் இருந்தது என்று விசாரணை அறிக்கை சொன்னது. மீட்புக்கு ஓடி வந்தவர்களுக்கு, வெடிமருந்தோடு கிடந்த எஜெக்ஷன் இருக்கைகளே ஆபத்தாக இருந்தன.

நம் ஊரில் பாருங்கள். ராமேசுவரம் சாலையில் தை அமாவாசைக்கு நிற்கிற பஸ் வரிசை. பாம்பன் பாலத்தில் இறங்கிப் படம் எடுக்கிற குடும்பங்கள். தனி ஒருவரின் ஆசை, அது எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேல் பறக்க உரிமை உண்டா? தொண்டித் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. பதில் வேண்டும்.

தொண்டி_டு_ஹூஸ்டன்

அக்கா, உங்கள் கேள்வி நியாயம். நான் மழுப்ப மாட்டேன். ஷோர்ஹாமுக்குப் பிறகு இங்கிலாந்தில் கண்காட்சி விதிகளை மிகவும் இறுக்கினார்கள். இறுக்கியது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். எங்கள் சான்றின் நிபந்தனைகளிலேயே ஜன நெருக்கடி உள்ள இடங்களைத் தவிர்க்கச் சொல்லி இருக்கிறது. நான் வளையம் போடுவதில்லை. கண்காட்சியில் பறக்கும்போதும் நேராக, சமமாகப் போய்த் திரும்புவேன். நான் பிழைப்பது ஒரு பக்கம், எங்கே விழக்கூடாது என்று யோசிப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதைத்தான் முதலில் யோசிக்கப் பழகியிருக்கிறேன். அதற்கு மேல் உத்தரவாதம் என்னால் தர முடியாது.

உச்சிப்புளி_பழைய_கை

டீச்சர் சொன்னதில் நான் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். 2010 மார்ச் 3, ஹைதராபாத் பேகம்பேட்டை. கடற்படையின் சாகர் பவன் சாகசக் குழு, அதே கிரண் விமானங்கள். ஒன்று குடியிருப்பில் விழுந்தது, இரண்டு விமானிகளும் போய்விட்டார்கள். அவர்கள் ராணுவத்தின் பயிற்சி பெற்றவர்கள், பின்னால் ஒரு தளமே உழைத்தது. அப்படியும் நடந்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. கிரண் என்றால் எங்களுக்கு வீட்டு ஆள் மாதிரி.

எஜெக்ஷன் இருக்கை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அந்தத் தோட்டாக்களுக்கு ஆயுள் எழுதியிருக்கும். ஆயுள் முடிந்த தோட்டாவோடு பறப்பதைவிட, அதைக் கழற்றிவிட்டு, 'இந்த விமானத்தில் தப்பும் வழி கிடையாது' என்று தெரிந்து பறப்பது மேல். பாதி நம்பிக்கைதான் ஆளைக் கொல்லும். எல்-39 இருக்கைகூடத் தரையிலிருந்தே வேலை செய்யும், ஆனால் விமானம் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால்தான். நின்ற இடத்தில் இழுத்தால் பாராசூட் குடை விரியாது. ஹூஸ்டன் தம்பி, உங்களுடையது எப்படி?

தொண்டி_டு_ஹூஸ்டன்

உயிரோடு இருக்கிறது அண்ணே. ஆனால் தோட்டா கிடைப்பது ஒவ்வொரு தடவையும் கஷ்டம். போன வருஷம் நான்கு மாதம் விமானம் கொட்டகையிலேயே நின்றது, அதற்காகத்தான். நாங்கள் காத்திருந்தோம்.

மதுரை_ஏஎம்ஈ

இங்கே வேலை பார்க்கிற பராமரிப்புப் பொறியாளர் என்ற முறையில் நம் நாட்டு நிலவரம் சொல்கிறேன்.

தம்பி, ராணுவ விமானம் பறக்கத் தகுந்தது என்று சான்று சொல்வது பெங்களூரில் உள்ள செமிலாக். சிவில் பக்கம் வந்தால், அதைக் கட்டுப்படுத்துகிற டி.ஜி.சி.ஏ. முதலில் கேட்பது வகைச் சான்றிதழ், அதாவது அந்த ரக விமானத்தின் வடிவமைப்புக்கே தருகிற சான்று. ராணுவத்துக்கென்றே பிறந்த ஜெட்டுக்கு அது இருக்காது. வாங்குவது இருக்கட்டும், 'வி.டி.' என்று தொடங்குகிற பதிவு எண் வாங்குவதிலேயே நின்றுவிடும். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி தன் வீட்டு மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு சின்ன விமானம் கட்டினார். அது புது விமானம், ஜெட் என்ற சிக்கல்கூடக் கிடையாது, சாதாரண பிஸ்டன் எஞ்சின் விசிறி விமானம். அதற்கே பல வருஷம் அலைந்து 2017-இல்தான் பதிவு கிடைத்தது. அவர் விடாமல் நின்றதால்தான் அதுவும்.

பழைய ராணுவ விமானம் இந்தியாவில் உயிரோடு பறக்கிற ஒரே வழி இப்போதைக்கு விமானப்படையின் பாரம்பரியப் பிரிவு. அதில் தனி ஆளின் பங்கும் உண்டு. அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் ஒரு பழைய டகோட்டா போக்குவரத்து விமானத்தை வாங்கி, இங்கிலாந்தில் புதுப்பிக்க வைத்து, விமானப்படைக்கே பரிசாகக் கொடுத்தார். அவர் அப்பா டகோட்டா ஓட்டியவர். 2018-இல் அது பறந்தே இந்தியாவுக்கு வந்தது. 'பரசுராமா' என்று பெயர். சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை, கொடுத்துவிட்டார். பறக்கட்டும் என்று நினைத்தார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் இடம். வரைபடத்தை விரித்துப் பார். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நம் ஆட்கள் எல்லை தாண்டிவிட்டார்கள் என்று வாராவாரம் செய்தி படிக்கிறோமே, அதே கோடு ஆகாயத்திலும் இருக்கிறது. மணிக்கு 700 கிலோமீட்டரில் போகிற ஜெட் அந்த 30 கிலோமீட்டரை இரண்டரை நிமிஷத்தில் தாண்டிவிடும். எல்லைக் கோடு அதற்கும் பாதி வழியில். ஒரு வட்டம் அடித்துத் திரும்புவதற்குள் இன்னொரு நாட்டு ராடாரில் கேள்வி எழுந்துவிடும். நம் நாட்டில் சின்ன செஸ்னா விமானம் கிளம்பினாலே வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். கடற்படைத் தளம் பக்கத்தில் இருக்கிற இந்தக் கரையில் தனியார் ஜெட்டுக்கு அந்த எண் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

கீழக்கரை_வானம்

புரிகிறது அண்ணே. வருத்தமாக இருந்தாலும் தெளிவாக இருக்கிறது. ஆனால் சட்டம் எல்லாம் சரியாகி, இடமும் கிடைத்து, ஒரு விமானம் இங்கே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதைக் காப்பாற்ற முடியுமா? எங்கள் கல்லூரி கிரண் ஏன் இவ்வளவு சீக்கிரம் பொடியாகிறது?

உச்சிப்புளி_பழைய_கை

இதைத்தான் நீ கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

உப்பு. பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். 1914-இல் திறந்த பாலம், அதற்கு வருஷம் முழுக்க பெயிண்ட் அடிப்பதே ஒரு வேலையாக இருந்தது. ஒரு கோடியில் முடிப்பதற்குள் மறு கோடியில் துரு. இரும்பு துருப்பிடித்தால் சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் அப்படிக் காட்டாது. உள்ளுக்குள் அடுக்கு அடுக்காகப் பிரியும், மேல் பெயிண்ட் நன்றாகவே இருக்கும். ஒரு நாள் பெயிண்டில் சின்னக் கொப்புளம் தெரியும். நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி. அதற்குக் கீழே உலோகம் கருவாட்டுச் செதில் மாதிரி அடுக்காக எழும்பி வரும். அந்தக் கட்டத்தில் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது ஏமாற்று வேலை.

எங்கே முதலில் பிடிக்கும் தெரியுமா? இரும்பு ஆணி அலுமினியத் தகட்டைத் தொடுகிற இடத்தில். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், அவ்வளவுதான், பேட்டரி மாதிரி வேலை நடக்கும், அலுமினியம் கரையும். அடுத்தது தண்ணீர் தேங்குகிற இடம். விமானத்தின் வயிற்றில் பென்சில் முனை அளவுக்குச் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். ஒரு குளவி மண் வைத்து அடைத்தால் போதும், மேலே மழை பெய்த தண்ணீர் எல்லாம் உள்ளேயே நிற்கும். உன் கல்லூரி விமானத்தின் காக்பிட்டில் தண்ணீர் நிற்கிறது என்றாயே, கீழே அடைபட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். மேலே கண்ணாடி ரப்பரும் போயிருக்கும்.

கடற்படையில் நாங்கள் என்ன செய்தோம்? கடலுக்கு மேல் தாழப் பறந்து வந்த விமானத்தை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுவோம். எஞ்சின் கம்ப்ரஸருக்கும் தனியாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவோம், பிளேடில் உப்பு படிந்தால் காற்று பிடிப்பது குறையும். பிறகு மூட்டுகளில் நீர் விரட்டும் எண்ணெய். ஒருநாள் விட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறவன் அந்த வேலைக்கு ஆகமாட்டான். ராமநாதபுரத்தில் நல்ல தண்ணீர் குடிக்கவே காவிரிக் குழாயை எதிர்பார்த்து நிற்கிற ஊர்களில் ஒரு விமானத்தைத் தினமும் குளிப்பாட்டுவதை யோசித்துப் பார்.

தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணியான ரிவெட்டையும் பார்க்கக் கற்றுக்கொள். தளர்ந்த ரிவெட் பறக்கும்போது துளைக்குள் உரசும். தலைக்குப் பின்பக்கம், காற்று போகிற திசையில், புகை படிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழும். சின்ன வயதில் எனக்கு ஒரு சீஃப் அதைக் காட்டிக் கொடுத்தார். துணியால் துடைத்து, மறுநாள் அதே இடத்தில் கோடு திரும்ப வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். வந்தது. மூடியைத் திறந்தபோது உள் சட்டத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அந்த விமானம் மறுநாள் காலை பறக்க இருந்தது. அந்தச் சீஃப் இப்போது இல்லை. அவர் துடைத்த துணி மாதிரி ஒன்றை நான் இன்றும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், பழக்கம்.

பறவையையும் சேர்த்துக்கொள். மார்கழி, தையில் பூநாரை வரும். கருவாடு காய்கிற மைதானத்தில் பருந்து வருஷம் முழுக்க. எல்-39-க்கு காற்று வாய் இறக்கைக்கு மேலே உயரத்தில் இருப்பதால் ஓடுபாதைக் கல், முள் உள்ளே போவது குறைவு, அது நல்ல வடிவமைப்பு. பறவைக்கு அது தெரியாது. ஒற்றை எஞ்சின் வேறு.

ஹூஸ்டன் தம்பி சொன்ன சாக்கெட் கதையைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் எழுந்து நடந்தேன். எங்கள் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழலை வரைந்து வைத்திருப்போம். எடுத்தால் நிழல் தெரியும். மாலையில் ஒரு நிழல் காலியாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நான் ஒரு தடவை ராத்திரி பதினொரு மணி வரை ஒரு ஸ்பேனரைத் தேடியிருக்கிறேன். விமானத்தைச் சொந்தமாக வைத்திருக்கிறவருக்கு என் ஒரே கேள்வி, உங்கள் கருவிப் பெட்டியை யார் எண்ணுகிறார்கள்?

தொண்டி_டு_ஹூஸ்டன்

இப்போது நாங்கள் எண்ணுகிறோம் அண்ணே. வெளிப் பட்டறையில் வேலை நடக்கிற நாட்களில் நாலு பேரில் ஒருத்தர் லீவு போட்டுக் கூடவே நிற்கிறோம். நிழல் வரைவது நல்ல யோசனை, இந்தச் சனிக்கிழமையே செய்கிறேன்.

பாம்பன்_டீச்சர்

என் கருத்து மாறவில்லை, பிள்ளைகளின் தலைக்கு மேல் வேண்டாம். ஆனால் இப்படி யோசிக்கிறவர்கள் கையில் விமானம் இருக்கிறது என்பது ஆறுதல்.

கீழக்கரைத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ராமேசுவரத்துக் கலாம் ஐயா குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, அங்கே நிறுத்தி வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் பக்கத்திலேயே நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். விமானப்படை விமானி ஆக டேராடூனுக்குப் போனார். 25 பேரில் 8 பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. பிறகு 2006 ஜூன் 8, புனேயில், 74 வயதில், குடியரசுத் தலைவராக சுகோய்-30இல் பறந்தார். அவரை இழுத்தவை பறக்காத, ஓய்ந்த விமானங்கள். உன் வாசலில் நிற்பதும் அதே இனம்தான். அது அழியாமல் நின்றாலே போதும், அடுத்து வருகிற பிள்ளை அதன் பக்கத்தில் உட்காரும்.

கீழக்கரை_வானம்

டீச்சர், நன்றி. எங்கள் முதல்வரிடம் இன்று பேசினேன். பறக்க வைக்க இல்லை, சுத்தம் செய்து பாதுகாக்க மட்டும் என்றேன். கடிதம் கொடுத்தால் அனுமதி தருகிறேன் என்றார். ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். ஐயா, நீங்கள் ஒருநாள் வந்து எங்கே ஆரம்பிப்பது என்று காட்டுவீர்களா?

மண்டபம்_போட்டுக்காரர்

ஏணி வேணும்னா என்கிட்ட இருக்கு. பெயிண்ட் சுரண்ட ஆளும் தர்றேன்.

உச்சிப்புளி_பழைய_கை

வருகிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால். போட்டுக்காரர் ஏணி கொண்டு வரட்டும், ஆனால் சுரண்டுகிற உளி வேண்டாம், அது தகட்டைக் கீறிவிடும். மூங்கில் குச்சியும் மெல்லிய நைலான் பிரஷும் போதும். நல்ல டார்ச் ஒன்று, பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரிச் சின்னக் கண்ணாடி ஒன்று, ஐந்து குடம் நல்ல தண்ணீர், பழைய வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு நோட்டு.

முதலில் எஜெக்ஷன் இருக்கை தோட்டாக்கள் கழற்றப்பட்டதற்கான தாளை முதல்வரிடம் கேட்டு வாங்கி வை. அதைப் பார்க்காமல் நான் காக்பிட்டைத் திறக்க விடமாட்டேன். அது கிடைத்தால் வயிற்றுப் பக்கத்து வடிகால் துளைகளிலிருந்து ஆரம்பிப்போம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு நோட்டில் எழுத வேண்டும், எது அடைத்திருந்தது, உள்ளே என்ன இருந்தது என்று.